கட்டுப் போட்ட கைகள்

தெருவில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதற்காக வருத்தப்பட்டதில்லை. அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. இருவரும் தையல் வேலை பார்த்தவர்கள். வீட்டுக்குள் பேச்செல்லாம் கையில்தான். வாசலைத் தாண்டிவிட்டால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வாய், அது இவளுடையது. துணி கொடுத்தவர்களிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் அவள்தான் பேசினாள். தன்னைப் பற்றி டீச்சர் சொன்ன புகாரை அம்மாவுக்குச் சொன்னதும் அவளேதான். அவள் சொன்னபடி பார்த்தால் அவளைவிட ஒழுக்கமான பிள்ளை அந்தப் பள்ளியிலேயே இருந்திருக்க முடியாது.

அப்பா போன பிறகு, முப்பதைக் கடந்த வயதில், சைகை மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தாள். பிறந்ததிலிருந்து செய்கிற வேலைதானே, தேர்வு எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். மற்ற மாணவர்கள் விரல்களை மடக்கத் தெரியாமல் திணறுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

பயிற்சியாளர் அவளைவிட வயதில் சின்னவள். பிறவியிலேயே காது கேளாதவள். முதல் ஒத்திகையில் ஒரு மாணவன் வீட்டுச் சொந்தக்காரனாக நடித்தான். பயிற்சியாளர் குடியிருப்பவளாக நடித்தாள். சொந்தக்காரன், "செவிட்டுக் கூட்டத்துக்கு வீடு குடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றான். வாயாடி ஒரு கணமும் தயங்காமல், "அவர் கொஞ்சம் கோபமா இருக்கார், அப்புறமா பேசலாம்ங்கறார்" என்று கையால் சொன்னாள்.

பயிற்சியாளர் ஒத்திகையை நிறுத்தினாள். அவன் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

"உங்க கை ரொம்ப அழகா பேசுது. ஆனா பொய் பேசுது."

"மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"என் மனசு நோகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண நீங்க யாரு? அந்த ஆள் என்னைக் கேவலப்படுத்தினான். நான் அவன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன். அதுக்கு இருந்த வழியை நீங்க முழுங்கிட்டீங்க."

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வாயாடிக்கு முகம் கொதித்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளும் வகுப்புக்குப் போனாள்.

அதன் பிறகுதான் உண்மையில் படிக்க ஆரம்பித்தாள். மொழிபெயர்க்கும்போது 'நான்' என்றால் அது பேசுகிறவரின் நான். 'அவங்க சொல்றாங்க' என்று நடுவில் நுழையக் கூடாது. அறையில் கேட்பதெல்லாம் கைக்கு வர வேண்டும், அது இருமலானாலும் சரி, கெட்ட வார்த்தையானாலும் சரி. கையில் வருவதெல்லாம் வாய்க்கு வர வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

அந்த மொழியின் இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது என்பதும் அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. புருவம் ஏறினால் ஒரு விதக் கேள்வி, இறங்கினால் இன்னொரு விதம். அத்தனை வருஷமும் அவள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தாள், செய்கிறோம் என்று தெரியாமலே. எதிரில் இருப்பவர் பேசும்போது காது கேளாதவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பார், அதற்கு 'கவனிக்கிறேன், மேலே சொல்' என்றுதான் பொருள், 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டால் ஒருவனைத் தூக்கு மேடைக்கே அனுப்பிவிடலாம் என்றாள் பயிற்சியாளர். வகுப்பில் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்த ஒரு நாள் மத்தியானம், மருத்துவமனையிலிருந்து பயிற்சி மையத்துக்குத் தகவல் வந்தது. ஓட்டல் விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் நீராவிக் குழாய் வெடித்துவிட்டது. ஒரு தொழிலாளிக்கு உடம்பெல்லாம் வெந்துவிட்டது. அவருக்கும் காது கேட்காது, அவர் மனைவிக்கும் கேட்காது. உடனே ஆள் வேண்டும்.

மையத்தில் சான்றிதழ் பெற்ற சீனியர் ஒரு வழக்குக்காக வெளியூர் போயிருந்தார். பயிற்சியாளர் ஊரின் மறுகோடியில் இன்னொரு கூட்டத்தில் இருந்தாள். வீடியோ அழைப்பில் அவள் முகம் இறுகியிருந்தது.

"பயிற்சியில இருக்கறவங்களை இந்த மாதிரி இடத்துக்கு அனுப்பக் கூடாது. ஆனா வேற யாரும் இல்ல. நீங்க போங்க, நான் கிளம்பி வந்துடறேன். போன உடனே எனக்கு இன்னும் சான்றிதழ் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. முடியாததை முடியும்னு காட்டிக்காதீங்க."

தீக்காயப் பிரிவுக்கு வெளியே நீளமான நடைவழி. சுவரோரம் இரும்பு நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆலையின் நீலச் சட்டையோடு வந்திருந்தாள். அவளும் அங்கேதான் துண்டு மடிக்கிற பகுதியில் வேலை பார்த்தாள். பக்கத்தில் கணவரின் அண்ணன் நின்றிருந்தார். அவருக்குக் காது கேட்கும். தம்பியோடு பேச அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, வா, போ என்கிற அளவுக்குத்தான்.

வாயாடி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். சான்றிதழ் இல்லை என்பதை வாயாலும் கையாலும் சொன்னாள். மனைவி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கன்னத்தில் விரலைக் குத்தித் திருப்பி, "எப்படி இருக்கார்?" என்று கேட்டாள். அந்தக் கன்னத்துச் சைகைதான் கணவரின் பெயர். காது கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் பெயர் அது. சிரித்தால் அவருக்குக் கன்னத்தில் குழி விழுமாம். கன்னக்குழி என்று வாயாடி அதை மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா வெளியே வருவதற்குள் அண்ணன் வாயாடியைக் கொஞ்சம் தள்ளி அழைத்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி. டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாங்க. தேற மாட்டான். இவகிட்ட அதை இப்ப சொல்லாதீங்க. மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்காங்க, சரியாயிடும்னு சொல்லுங்க. பாவம், தாங்க மாட்டா. அப்புறமா வீட்டுல பொம்பளைங்களை வெச்சு மெதுவா சொல்லிக்கறோம்."

அவர் கெட்டவரில்லை. கண் சிவந்திருந்தது. அப்பா, அம்மாவின் மனம் நோகாமலிருக்க வாயாடி எத்தனையோ கடைவாசல்களில் செய்ததைத்தான் அவரும் கேட்டார்.

"அண்ணே, என்னால முடியாது. டாக்டர் என்ன சொல்றாங்களோ அதைத்தான் நான் சொல்லணும். அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நினைச்சா டாக்டர்கிட்ட பேசுங்க. ஆனா அதையும் அவங்க முன்னாடி பேசினீங்கன்னா, அதையும் நான் சொல்லிடுவேன்."

"நீங்க மனுஷிதானே? மெஷினா?"

வாயாடி திரும்பி வந்து, மனைவிக்கு நேராகத் தன் முகம் தெரியும்படி, டாக்டரின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்றுகொண்டாள். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று படித்திருந்தாள். அப்போதுதான் மனைவியால் டாக்டரையும் இவள் கையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும்.

டாக்டரம்மா களைத்துப் போயிருந்தார். "எங்களால முடிஞ்சதெல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்மா. ஆனா நிலைமை கையை மீறிப் போயிடுச்சு. நீங்க எதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கணும்."

வாயாடியின் கைகள் பாதியில் நின்றன. கையை மீறிப் போயிற்று என்பதைச் சொல்லுக்குச் சொல் காட்டினால் கணவரின் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் புரியும். டாக்டர் என்ன சொல்ல வருகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் டாக்டர் சொல்லாமல் விட்ட சொல்லை அவளே சொல்லிவிடவும் கூடாது. "டாக்டர்கிட்ட விளக்கம் கேக்கறேன்" என்று மனைவிக்குக் கையால் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"டாக்டர், இது மொழிபெயர்ப்பாளரோட கேள்வி. கையை மீறிப் போயிடுச்சுன்னா என்னன்னு நேரா சொல்லணும். அதை அப்படியே சைகையில சொன்னா அர்த்தம் மாறிடும்."

"இதுகூடவா புரியல உங்களுக்கு?"

"எனக்குப் புரியுது டாக்டர். நான் புரிஞ்சுக்கிட்டதை அவங்களுக்குச் சொல்லக் கூடாது. நீங்க சொன்னாதான் சொல்லணும்."

டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். மனைவி மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் பிழைக்க மாட்டார்மா. இன்னைக்கோ நாளைக்கோ இறந்துடுவார்."

சாவுக்கு அந்த மொழியில் ஒரு சைகை உண்டு. எந்த மொழியிலும் உண்டு. அதைக் கையால் மட்டும் காட்டினால் போதாது, முகமும் சேர்ந்து சொல்ல வேண்டும். முகத்தை வேறு மாதிரி வைத்துக்கொண்டால் சொல்லே பிழையாகிவிடும். வாயாடி அதைச் சரியாகச் சொன்னாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக எதையுமே சொன்னதில்லை.

மனைவி கன்னத்தில் விரலைக் குத்தினாள். புருவம் ஏறியிருந்தது. "இவரா? வேற யாரோவா?"

வாயாடி அதை வாயால் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர்தாம்மா" என்றார் டாக்டர். அதையும் கையால் சொன்னாள்.

அப்போது மனைவி எழுப்பிய குரலுக்கு நடையின் கடைசியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. அதை அடக்கிக்கொள்ளச் சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்று அடக்கவில்லை. அண்ணன் அவள் தோளைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு டாக்டரைப் பார்த்துக் கைகளை வீசினாள்.

"நான் அவர்கிட்ட பேசணும்" என்றது வாயாடியின் வாய். "கண்ணாடி வழியா பாத்தேன். ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டிருக்கீங்க. அவிழ்த்து விடுங்க. உங்க வாயைக் கட்டிப் போட்டா நீங்க எப்படிப் பேசுவீங்க?"

விரல்கள் வெந்துவிட்டன, கட்டை அவிழ்த்தாலும் அவரால் அசைக்க முடியாது, வலிதான் மிஞ்சும் என்றார் டாக்டரம்மா. மூச்சுக்குழாய் வீங்கிக்கொண்டு வருகிறது, சீக்கிரமே மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட வேண்டும், அதற்குள் பார்த்துவிடுங்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் கண் விழிப்பது சந்தேகம் என்பதையும் இந்த முறை நேராகவே சொன்னார்.

உள்ளே கன்னக்குழிக்கு நினைவு இருந்தது. முகத்தில் ஒரு பக்கம் கட்டு. இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைப் பொதியாக விரிப்பின் மேல் கிடந்தன. மனைவி அவர் பார்வைக்கு நேராகக் குனிந்து, மார்புக்கு அருகே சின்னதாகச் சைகை செய்தாள், காதோடு பேசுவது போல. அவர் புருவத்தாலும் உதட்டாலும் பதில் சொல்ல முயன்றார்.

வாயாடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் அவளுக்கு வேலை இல்லை. காது கேளாதவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒட்டுக்கேட்பதுதான். சுவரில் இருந்த ஆக்ஸிஜன் குமிழ்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில்தான் ஆலையின் சூப்பர்வைசர் ஒரு போலீஸ்காரரோடு உள்ளே வந்தார். நர்ஸ் தடுத்தும், ஒரே ஒரு கேள்விதான் என்றார்கள்.

"குழாய் வால்வை மூடாம விட்டது இவருதானேன்னு கேளும்மா" என்றார் சூப்பர்வைசர்.

போலீஸ்காரர் அதையே ஒழுங்காகக் கேட்டார். "இன்னைக்குக் காலையில வால்வு பக்கம் வேலை பாத்தது நீங்களா? அதை மூடாம விட்டுட்டீங்களா?"

கேள்வியைச் சொல்லியாக வேண்டும். வாயாடி கட்டில் ஓரம் வந்து, அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் கையை வைத்துச் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கன்னக்குழியின் தலை மெல்ல மேலும் கீழும் அசைந்தது.

"பாத்தீங்களா சார், ஒத்துக்கிட்டான்" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார், அது பதில் இல்ல" என்றாள் வாயாடி. "நான் கேள்வியை இன்னும் முடிக்கவே இல்ல. கவனிக்கிறேன்னு அர்த்தம் அது. எழுதிடாதீங்க."

கேள்வியை முடித்தாள். கன்னக்குழியின் புருவம் சுருங்கியது. உதடு ஏதோ வடிவம் காட்டியது. வலது பொதி விரிப்பிலிருந்து கொஞ்சம் எழும்பி, அப்படியும் இப்படியும் ஆடி விழுந்தது. மறுக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. நேற்றே சொன்னேன் என்கிறாரோ என்றும் தோன்றியது. வலியில் துடிக்கிறாரோ என்றும் தோன்றியது. மனைவியைப் பார்த்தாள். மனைவியும், "ஏதோ சொல்றார், குழாய்ங்கறார், மீதி தெரியல" என்றாள். அதை வாயாடி வாய்விட்டுச் சொன்னாள்.

"நீ என்னம்மா சொல்ற? ஆமாவா, இல்லையா?" என்றார் போலீஸ்காரர்.

"எனக்குத் தெரியல சார். கைக் கட்டோட இவர் சொல்றதை என்னால மொழிபெயர்க்க முடியாது. காது கேளாதவங்கள்லயே பயிற்சி எடுத்த ஒருத்தங்க வந்துக்கிட்டு இருக்காங்க. இந்த மாதிரி முகத்தைப் படிக்க அவங்களுக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் பொறுங்க."

"உனக்குச் சான்றிதழ் இருக்கா?"

"இல்லைன்னு வந்ததும் சொல்லிட்டேன் சார்."

சூப்பர்வைசர் போலீஸ்காரரைப் பார்த்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். பயிற்சியாளர் மாடிப்படியில் ஓடி வந்தபோது குழாய் போட்டு முடிந்திருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, வாயாடியின் முழங்கையைத் தொட்டாள். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் கன்னக்குழி இறந்துபோனார்.

வாயாடி தேர்வு எழுதினாள். தேறினாள். அம்மா சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அன்றைக்கு மருத்துவமனையில் என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள். "வேலை விஷயம், சொல்லக் கூடாது" என்றாள் மகள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் பக்கம் திரும்பாமலே இருந்தாள்.

ஆலை விபத்து அறிக்கை வந்தது. தொழிலாளி தன் கவனக்குறைவைத் தலையசைத்து ஒப்புக்கொண்டார் என்று அதில் இருந்தது. குடும்பம் மறுவிசாரணை கேட்டது. பயிற்சி மையமும் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த விசாரணைக்கு வாயாடியைச் சாட்சியாக அழைத்தார்கள். கட்டிலருகே நடந்ததைப் போலீஸ் ஏற்கனவே பதிவு செய்துவிட்டதால், அந்த ஒரு விஷயம் பற்றி மட்டும் அவள் பேசலாம் என்று மையம் சொன்னது.

விசாரணை நாளன்று அலுவலக வராந்தாவில் அண்ணன் அவளுக்காகக் காத்திருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னதைக் கேக்கல. பரவால்ல. இன்னைக்காவது கேளுங்க. அவன் இல்லைன்னுதான் சொன்னான்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் அப்படித்தானே தோணிச்சு? அவன் அந்தக் குழாய் ஒழுகுதுன்னு வீட்டுல வந்து எத்தனை தடவை காட்டினான் தெரியுமா? எனக்கே புரிஞ்சுதுன்னா பாத்துக்கங்க."

"அதை நீங்க உள்ள சொல்லுங்கண்ணே. நீங்க பாத்தது அது. ஆனா அன்னைக்கு அவர் சொன்னது எனக்குப் புரியலைன்னு சொன்னேன். இன்னைக்குப் புரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்வேன்?"

"ஒரு வார்த்தைங்க. செத்தவனுக்காக ஒரு வார்த்தை."

மனைவி கொஞ்சம் தள்ளி சீனியரோடு நின்றிருந்தாள். இந்தப் பேச்சை சீனியர் ஒன்றுவிடாமல் கையில் சொல்லிக்கொண்டிருந்தார். வராந்தாவானாலும் பேச்சு பேச்சுதான். மனைவி அருகே வந்து அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கையை விட்டுவிட்டுச் சைகையில் பேசினாள். சீனியர் அதைச் சொன்னார்.

"விடுங்க மாமா. இன்னைக்கு இவங்க பொய் சொன்னா, அன்னைக்கு எனக்குச் சொன்னதையும் நான் சந்தேகப்படணும். அதை நம்பித்தான் நான் அவர் பக்கத்துல போய் உக்காந்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் வாயாடியைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. அந்தச் செய்தி அவளுக்கு எந்தக் கைகளிலிருந்து வந்ததோ அந்தக் கைகள் இவளுடையவை. மறுவிசாரணையில் மொழிபெயர்க்க வேறு யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், அன்று வந்தவர் மட்டும் வேண்டாம் என்று அவள் மையத்தில் முன்பே சொல்லியிருந்தாள். அதைப் பயிற்சியாளர் வாயாடிக்குச் சொன்னபோது குறைக்காமல்தான் சொன்னாள்.

உள்ளே ஆலையின் வக்கீல் கேட்டார்: "அன்னைக்கு உங்ககிட்ட சான்றிதழ் இருந்துதா?"

"இல்ல. இப்ப இருக்கு."

"அன்னைக்கு இருந்துதான்னுதான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினாரா இல்லையா?"

"ஆட்டினார். அது சம்மதம் இல்ல. நான் கேள்வியை முடிக்கறதுக்கு முன்னாடியே ஆட்டினார்."

"அப்படின்னா அவர் மறுத்தாரா?"

அண்ணன் முன்னால் குனிந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சீனியரின் கைகள் அவளுக்காகக் காத்து நின்றன.

"தெரியல" என்றாள் வாயாடி.

தலையசைப்பை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று மறுவிசாரணையில் முடிவாயிற்று. குழாய் ஒழுகுவதை அவர் வீட்டில் காட்டினார் என்று அண்ணன் சொன்னதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சைகை மொழி தெரியாது என்றார்கள். விபத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடினார்கள். ஆலைமேலும் குற்றம் இல்லை, செத்தவர்மேலும் குற்றம் இல்லை. சூப்பர்வைசர் அங்கேயே வேலையில் இருந்தார். மனைவி துண்டு மடிக்கப் போவதை நிறுத்திவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அந்த வீட்டில் அவளோடு கையால் பேச ஒருவரும் இல்லை.

படி இறங்கும்போது அண்ணன் வாயாடியைக் கடந்து போனார். "உங்க சட்டதிட்டத்தைக் கட்டிக்கிட்டு நீங்களே அழுங்க" என்றார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே மையத்திலிருந்து அழைப்பு வந்தது. வேறொரு மருத்துவமனை, வேறொரு குடும்பம். முகவரியை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறிப் போனாள்.